காஞ்சி தந்த தருக்க ஆசிரியர் திக்நாகர்

முன்னுரை

காஞ்சிமாநகர் என்னும் பெயரைக் கேட்டவுடனே நம் மனக்கண்முன் தோன்றுவன விண்ணளாவிய கோபுரங்களும், தறியோசை கேட்கும் தெருக்களும், மணமகளிர் விரும்பி உடுக்கும் பட்டாடைகளுமே. அந்நகர் ஒரு காலத்தில் பிற நாட்டு மாணாக்கரும் நாடிவந்த கல்விப் பெருநகராக விளங்கிற்று. கதம்ப அரச மரபைத் தொடங்கிய மயூரசர்மன், கற்பன கற்றுத் தேறும்பொருட்டுக் காஞ்சியிலிருந்த கடிகையை நாடிவந்த செய்தியைத் தாளகுந்தாக் கல்வெட்டு கூறுகின்றது. இவ்வாறு புகழ்பெற்ற நகரிலே தோன்றிய அறிஞர் யாவர், அவர் உலகிற்கு அளித்த உண்மை யாது என்று வினவின், விடையிறுக்க வல்லார் நம்முள் மிகச் சிலரே. அவ்வறிஞருள் தலைசிறந்த ஒருவரே பௌத்தத் துறவியும் தருக்க நூலாசிரியருமாகிய திக்நாகர்.

இவர் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த வினா, நாம் அறிந்தோம் என்று கருதுவனவற்றுள் மெய்யறிவு எது, அறிவுபோலத் தோன்றும் மயக்கம் எது என்பதாம். கற்றாரும் கல்லாரும் ஒருங்கே பொய்ச்செய்திகளை மெய்யென ஏற்பதன் காரணம் யாது என்று இன்றைய மனவியலார் ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சிக்குரிய கருவியொன்றை 1500 ஆண்டுகளுக்கு முன்னரே செப்பஞ்செய்து தந்தவர் இவர். இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. நம் காலத்திலும், நம் மாவட்டங்களுக்கு அணித்தாகவும், உயிர்களைக் கொள்ளை கொண்ட வினா என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

பிறப்பும் துறவும்

திக்நாகர் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வாழ்ந்தவர். 480 முதல் 540 வரை அவர் காலம் எனப் பொதுவாகக் கொள்வர். காஞ்சியை அடுத்த சிம்மவக்திரம் என்னும் ஊரில் அந்தணர் குடியொன்றில் அவர் பிறந்தார் எனத் திபெத்திய நூல்கள் கூறும். திக்நாகம் என்பது திசை காக்கும் யானையைக் குறிக்கும் வடசொல். தமிழறிஞர் சிலர் அவரைத் தின்னாகர் என்றும் வழங்குவர்.

இளமையில் அந்தணர்க்குரிய கல்வியைப் பயின்ற அவர், பின்னர்ப் பௌத்த சமயத்தைத் தழுவி, வாத்சீபுத்திரீயர் என்னும் பிரிவினரைச் சார்ந்த நாகதத்தர் என்னும் ஆசிரியரிடம் துறவு பூண்டார். அப்பிரிவினர், மனிதனிடத்தே புத்கலம் எனப்படும் ஒன்று உண்டென்றும், அஃது உடல், உணர்வு முதலிய கந்தங்களின் வேறன்று, அவையே ஆவதுமன்று என்றும், சொல்லால் உணர்த்தற்கரியது என்றும் கொண்டவர். நாகதத்தர் தம் மாணாக்கரை அதனைத் தியானத்தால் தேடிக் காணுமாறு பணித்தார்.

மாணாக்கர் அப்பணியை மெய்யாகவே மேற்கொண்டார். பகலில் அறையின் சாளரங்கள் அனைத்தையும் திறந்து வைத்தார். இரவில் நான்கு புறத்தும் விளக்கேற்றினார். ஆடையைக் களைந்து, தம்மை உள்ளும் புறமும் உற்று நோக்கலானார். இதனைக் கண்ட ஆசிரியர் காரணம் வினவியபோது, தாங்கள் கூறிய பொருளைத் தேடுகின்றேன்; என் அறிவுக்குறையால் அஃது என் கண்ணிற் படவில்லை; மறைக்கும் பொருள் ஏதேனும் இருக்குமோவென ஐயுற்று இவ்வாறு செய்கின்றேன் என்னும் கருத்துப்பட விடையிறுத்தாராம். தம் கொள்கையை எள்ளுவதாகக் கருதிய ஆசிரியர் வெகுண்டு, அவரைத் தம் மடத்தினின்று போக்கிவிட்டார்.

கண்டாலன்றி ஒப்புதல் இயலாது என்ற தோமாவை நம் ஆண்டவர் தள்ளிவிடாமல், தம் காயங்களைக் காட்டியருளினார் என நற்செய்தி நூலிற் படிக்கின்றோம். எல்லா ஆசிரியரும் அத்தகைய பொறுமை உடையவரல்லர். எனினும் காஞ்சி இளைஞர்க்கு அவ்வெகுளியே நன்மையாய் முடிந்தது. வடநாடு சென்று, பேராசிரியராகிய வசுபந்துவை அடுத்து, பல சாத்திரங்களையும் தருக்கத்தையும் கற்றார் என்பது மரபு. வசுபந்துவின் அபிதரும கோசத்திற்கு மரும பிரதீபம் என்னும் சுருக்கவுரையொன்றும் இயற்றினார்.

குகையும் வாதக்களமும்

கல்வி நிரம்பிய பின்னர் திக்நாகர் ஒரிசா நாட்டில் ஒரு மலைக்குகையிற் சென்று தங்கினார். அளவை நூற் கருத்துக்களைத் தாம் முன்னர்ச் சிறு நூல்கள் பலவற்றிற் சிதறியுரைத்திருந்தமையால், அவற்றையெல்லாம் திரட்டி ஒரு பெருநூலாக்க எண்ணினார். அதன் முதற்செய்யுளைக் குகையின் சுவரிற் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டுப் பிச்சைக்குச் சென்றார். அவர் இல்லாத வேளையில் மாற்றுச் சமயத்தார் ஒருவர் வந்து அதனை அழித்துவிட்டார். மீண்டும் எழுதினார், மீண்டும் அழிக்கப்பட்டது. மூன்றாம் முறை எழுதியபோது, விளையாட்டாக அழிப்பதாயின் வேண்டா, வாதிடக் கருதியதாயின் நேரில் வருக என்று அதன் கீழே குறித்து வைத்தார். வந்தவரோடு வாதிட்டு வென்றார். தோற்றவர் சினந்து வாயினின்று தீயை உமிழ, திக்நாகரின் உடைமைகள் எரிந்தன. இத்தகைய உலகினருக்கு நூல் செய்து ஆவது என்னவென மனமுடைந்த அவர், சுண்ணக்கட்டியை வானில் எறிந்து, அது நிலத்தில் வீழுமாயின் பிறர்க்கு உழைக்கும் நோன்பைக் கைவிடுவதெனத் துணிந்தார். அது வீழவில்லை. மஞ்சுசிரீ போதிசத்துவர் அதனை ஏந்தி நின்று, அவரைத் தேற்றி நூலை முடிக்கச் செய்தார் என்பது கதை.

நாலந்தா மகாவிகாரத்தார், வேதியப் புலவர் ஒருவரை வாதில் எதிர்கொள்ள அவரை அழைத்தனர் என்றும், அங்கு அவர் பலரை வென்று தருக்கப் புங்கவர், அஃதாவது தருக்கத்தில் விடையேறு போன்றவர், எனப் பெயர் பெற்றார் என்றும் கூறுவர். அவ்வாறு புகழ் எய்திய பின்னரும் செல்வத்தையும் சிறப்பையும் விரும்பாமல், எளிய துறவியாகவே இருந்து, ஒரிசாவின் காட்டிடையே தனிமையில் உயிர் நீத்தார். அந்நாட்டு அரசனின் பொருட்காப்பாளரான பத்திரபாலிதர் என்பாரின் தோட்டத்தில் பட்டுப்போயிருந்த கடுக்காய் மரமொன்று, திக்நாகர் மந்திர மொழி கூற ஏழே நாளில் தளிர்த்தது என்னும் கதையும் வழங்குகின்றது.

இவ்வரலாற்றை எவ்வாறு கொள்வது?

மேற்கூறிய கதைகளைப் படித்த மாணவர் சிலர் வியந்திருப்பர், சிலர் நகைத்திருப்பர். இவ்விரண்டும் திக்நாகர் காட்டிய நெறியல்ல. இச்செய்தி எவ்வாறு நம்மை அடைந்தது என்று வினவுதலே அவர் நெறி. இவற்றுட் பலவற்றைக் கூறும் தாராநாதரின் பௌத்த வரலாறு 1608இல் திபெத்தில் எழுதப்பெற்றது. திக்நாகர்க்கும் அந்நூலுக்கும் இடையே ஆயிரம் ஆண்டு கழிந்தது. அவருக்குப் பின் ஏறத்தாழ 100 ஆண்டு கழித்து இந்தியாவிற்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், அவர் தருக்க நூல் இயற்றிய மலையை ஆந்திர நாட்டில் வைத்துக் கூறுகின்றார்; திபெத்தியரோ ஒரிசாவில் வைக்கின்றனர். ஒரு குகை இரண்டு நாட்டில் இருத்தல் இயலாது. ஆயினும், தம் வீடுபேறொன்றையே கருதாமல் பிறர் பொருட்டு நூல் இயற்றுமாறு மஞ்சுசிரீ அவரைத் தூண்டினார் என்பதில் இரு மரபும் ஒத்துள்ளன. அவர் மனத்துள் அத்தகைய போராட்டம் ஒன்று நிகழ்ந்தது எனப் பண்டையோர் நினைவிற் கொண்டிருந்தனர் என்றளவில் நாம் துணியலாம்.

வேறொரு கதை இன்னும் நல்ல பாடம் புகட்டுவது. காளிதாசரின் மேகதூதத்தில் திசை யானைகளைக் குறிக்கும் திங்நாகம் என்னும் சொல் வருகின்றது. அங்கே கவிஞர் தம் பகைவராகிய திக்நாகரைச் சிலேடையாற் சுட்டுகின்றார் எனப் பழைய உரையாசிரியர் மல்லிநாதர் எழுதிவைத்தார். இருவரும் ஒரு காலத்தவர் என்பதற்கு வேறு சான்று இல்லை. ஆயினும் பெரும் புலவர் இருவரிடையே பகை என்பது கேட்டற்கு இனிய செய்தியாதலின், அது நெடுங்காலம் உலவிற்று. காளிதாசரின் காலத்தை வரையறுக்கவும் அதனையே சிலர் துணைக்கொண்டனர். குந்தமாலை என்னும் வடமொழி நாடகம் 1923இல் அச்சேறியபோது, ஆசிரியர் பெயர் ஒத்திருந்தது கொண்டு அதனையும் இத்துறவிக்கே சிலர் உரிமையாக்கினர். அதுவோ இராமன் சீதை கதை. பௌத்தத் தருக்க ஆசிரியர்க்கு அஃது உரியதன்று என ஆராய்ச்சியாளர் பின்னர்க் கண்டனர். பெயர் ஒன்றாயின் ஆளும் ஒன்றே எனத் துணிவது மனத்தின் இயல்பு. அறிவு மயங்கும் வழிகளை ஆராய்ந்தவரின் வரலாறே இவ்வாறு மயக்கத்திற்கு இரையாயிற்று.

பிரமாண சமுச்சயம்

திக்நாகரின் பெருநூல் பிரமாண சமுச்சயம் எனப் பெயரியது. அளவைத் தொகுப்பு என இதனைத் தமிழாக்கலாம். இஃது ஆறு இயல்களை உடையது. அறிவிற்கு வாயில்கள் பல எனப் பிற சமயத்தார் கூறிவந்த நாளில், காண்டல், கருத்து என்னும் இரண்டே அளவைகள் என அவர் வரையறுத்தார்.

காண்டல் என்பது கற்பனை கலவாத அறிவு என்பது அவர் இலக்கணம். கண் தருவது நிறமும் வடிவும் மட்டுமே. இஃது இன்னது, இன்ன இனத்தது, இன்ன பெயரினது எனச் சேர்ப்பது மனம். கோடைப் பகலில் வெண்மணற்பரப்பின்மேல் ஒளி நடுங்குவதைக் கண் காண்கின்றது. தண்ணீர் என்று பெயரிடுவது மனம். ஆதலின் கானல் நீரிற் பிழைத்தது கண்ணன்று, மனமே. நாமோ மனம் சேர்த்ததையும் கண்ணின் கணக்கில் எழுதி, என் கண்ணாற் கண்டேன் என ஆணையிடுகின்றோம். பொய் நம்மிடம் புகும் முதல் வாயில் இதுவே.

இரண்டாவது வாயில் பிறர் சொல். நையாயிகர் முதலியோர் சான்றோர் சொல்லைத் தனி அளவையாகக் கொண்டனர். திக்நாகர் அதனைக் கருத்தளவையுள் அடக்கினார். ஒருவர் சொல்லை நாம் ஏற்கும்போது, அச்சொல் தானே பொருளைக் காட்டுவதில்லை. இவர் அறிந்தவர், பொய் கூறாதவர், ஆதலின் இவர் கூற்று மெய்யாகும் என நாம் உள்ளத்தே ஓர் அனுமானம் செய்கின்றோம். அனுமானமாயின் அது பிழைபடவும் கூடும். அதற்குரிய சோதனையும் உண்டு. காஞ்சியிற் பட்டு வாங்கச் செல்வோர், கடைக்காரர் கூறியவுடன் சரிகை தூயதென ஏற்பின், அவர்கள் அறிந்தது சரிகையை அன்று. கடைக்காரரை அறிந்தோம் என்னும் தம் எண்ணத்தையே. அக்கடைக்காரர் நல்லவராயின் தீங்கில்லை. ஆயின் எதன்மேல் நிற்கின்றோம் என்பதை அறிந்து நிற்றல் வேண்டும்.

ஏதுவின் மூன்று இலக்கணம்

அனுமானத்தைச் சோதிக்கும் முறையே அவர் கொடைகளுட் சிறந்தது. ஒன்றை நாட்டக் கூறும் ஏது மூன்று இலக்கணம் உடையதாதல் வேண்டும். எடுத்துக்கொண்ட பொருளில் அது மெய்யாக இருத்தல் ஒன்று. அப்பொருளை ஒத்த சபக்கத்தில் இருத்தல் இரண்டு. ஒவ்வாத விபக்கத்தில் இல்லாமை மூன்று. மலையில் தீ உண்டு, புகை உடைமையால் என்பது பழைய எடுத்துக்காட்டு. அடுக்களையிற் புகையோடு தீயும் உண்டு, அது சபக்கம். தீயில்லாத நீர்நிலையிற் புகையும் இல்லை, அது விபக்கம். மலைமேல் தோன்றுவது புகையன்றிப் பனிமூட்டமாயின் முதல் இலக்கணமே கெட்டது.

நம்மூர்த் தொழிலைக் கொண்டு இதனை விளக்குவோம். இவ்வாடை பட்டு, பளபளத்தலால் என ஒருவர் கூறுகின்றார். ஆடை பளபளப்பது மெய். பட்டாடைகள் பளபளப்பதும் மெய். இவ்விரண்டோடு நின்றவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார். திக்நாகரின் மாணாக்கரோ மூன்றாவதையும் வினவுவார்: பட்டல்லாத எதுவும் பளபளப்பதில்லையா? ரேயான் என்னும் செயற்கைப் பட்டும் பளபளக்கும். ஆதலின் அந்த ஏது வீழ்ந்தது. வேறொருவர் இழையொன்றைக் கொளுத்தி, மயிர் கருகும் நாற்றம் வருதலால் பட்டென்கின்றார். ரேயான் எரியின் காகித நாற்றமே எழும். பாலியெஸ்டர் உருகி மணிபோல இறுகும். ஆதலின் இவ்வேது முன்னையதினும் வலியது. ஆயினும் கம்பளி இழையும் மயிர் நாற்றமே நாறும். எனவே இஃது உயிர்வழி வந்த இழை என்பதளவே நாட்டப்பட்டது. பட்டென நாட்ட இன்னும் ஒரு சோதனை வேண்டும். எவ்வளவு நாட்டப்பட்டதோ அவ்வளவே நம்புக, அதற்கு மேல் ஓரிழையும் நம்பற்க என்பது இம்முறையின் சாரம்.

மூன்றாம் இலக்கணத்தின் அருமை, மனித மனத்தின் போக்கை அறிந்தார்க்கே புலனாகும். சபக்கத்தைத் தேட ஒருவரும் நமக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. நாம் நம்பியதற்குத் துணை செய்யும் சான்றுகள் தாமே வந்து குவியும். விபக்கத்தைத் தேடுவதோ இயல்பிற்கு மாறான உழைப்பு.

நம் கல்லூரி மாணவர் நன்கறிந்த ஆங்கில ஞானியாகிய பேக்கன், 1620இல் வெளியிட்ட தம் நூலிலே இதனையே வேறு வகையிற் கூறினார். கடலிற் புயலுக்குத் தப்பி, தெய்வத்திற்கு நேர்ந்த கடனைச் செலுத்தியோரின் ஓவியங்களைக் கோயிலிற் கண்ட ஒருவர், நேர்ந்தும் மூழ்கிப்போனோரின் ஓவியங்கள் எங்கே என வினவினார் என்னும் பழங்கதையை அவர் எடுத்துக்காட்டினார். 1960இல் பீட்டர் வேசன் என்னும் ஆங்கில மனவியலார் இதனைச் சோதனையாகவே நடத்தினார். 2, 4, 6 என்னும் எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை. வேறு எண்களைக் கூறிக் கேட்டு அவ்விதியைக் கண்டுபிடிக்க என்றார். பலர் இரண்டிரண்டாக ஏறும் எண்கள் எனத் தாமே கருதி, 8, 10, 12 போன்றவற்றையே கூறினர். ஒவ்வொன்றும் பொருந்தவே, தம் கருத்து நாட்டப்பட்டதென மகிழ்ந்தனர். உண்மையான விதியோ, எண்கள் ஏறுமுகமாக இருத்தல் என்பது மட்டுமே. தம் கருத்திற்கு மாறான 1, 2, 3 என்பதைக் கூறிப் பார்த்திருப்பின் பிழை அப்பொழுதே விளங்கியிருக்கும். விபக்கத்தை நோக்காதவர் இடறுவர் என்று காஞ்சி ஆசிரியர் வகுத்தது 1400 ஆண்டுகளுக்குப் பின் இலண்டனில் மெய்ப்பிக்கப்பட்டது.

1977இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர், கல்லூரி மாணவர்க்கு இரு வார இடைவெளியில் மும்முறை பல செய்திகளைக் கூறி, அவை எவ்வளவு மெய்யெனத் தோன்றுகின்றன என மதிப்பிடச் செய்தனர். திரும்பத் திரும்பக் கேட்ட செய்திகள், மெய்யாயினும் பொய்யாயினும், மேன்மேலும் மெய்யெனத் தோன்றின. பலகால் கேட்டமை என்பது மெய்க்கும் உண்டு, பொய்க்கும் உண்டு; விபக்கத்திலும் காணப்படும் ஏது ஒன்றையும் நாட்டாது.

ஓர் ஏதுப்போலியின் விலை

2018ஆம் ஆண்டின் முற்பகுதியில், குழந்தைகளைக் கடத்தும் வடநாட்டுக் கூட்டத்தார் வந்துள்ளனர் என்னும் செய்தி, வாட்ஸ்அப் வழியாக வட தமிழ்நாட்டு ஊர்களிற் பரவிற்று. இந்தியாவெங்கும் அக்காலத்தில் உலவிய படங்களுள் ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வர். அது கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்பிற்காக எடுக்கப்பெற்ற விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பிக் கொணர்ந்து விடும் பிற்பகுதி நீக்கப்பட்டிருந்தது. கண்டவர் கண்டது ஒரு காட்சி மட்டுமே. இது நம் நாட்டில் நிகழ்ந்தது, இன்னார் செய்தது, நாளை நம் தெருவில் நிகழும் என்பனவெல்லாம் மனம் சேர்த்தவை.

அவ்வாண்டு மே மாதத்தில், காஞ்சிக்கு அண்மையதான திருவண்ணாமலை மாவட்டத்தில், சென்னையிலிருந்து 65 வயது மூதாட்டி ஒருவர் உறவினருடன் குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்தார். போளூரை அடுத்த ஒரு சிற்றூரில் வண்டியை நிறுத்தியபோது, அங்கிருந்த குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். குழந்தை கடத்துவோர் என்ற கூக்குரல் எழுந்தது. ஊரார் திரண்டு அடித்ததில் அம்மூதாட்டி மாண்டார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர்.

அன்று அவ்வூரார் மனத்தில் ஓடிய அனுமானத்தை எழுதிப் பார்ப்போம். இவர் குழந்தை கடத்துபவர், அயலாராய் வந்து குழந்தைக்கு இனிப்புக் கொடுத்தலால். இனிப்புக் கொடுத்தது மெய். முதல் இலக்கணம் உண்டு. கடத்துவோர் இனிப்புக் கொடுத்து மயக்குவர் எனக் கேள்விப்பட்டிருந்தனர். இரண்டாவதும் உண்டு எனவே வைத்துக்கொள்வோம். மூன்றாவது? கடத்தாதவர் யாரேனும் குழந்தைக்கு இனிப்புக் கொடுப்பதுண்டோ? தமிழ்நாட்டில் எந்தப் பாட்டியார்தாம் கொடுக்காமல் இருக்கின்றார்! ஒரு நொடி இவ்வினா ஒருவர் வாயினின்று எழுந்திருப்பின், ஓர் உயிர் நின்றிருக்கும்.

அவ்வூரார் அறிவிலிகள் என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ளல் ஆகாது. அவர்களைச் செலுத்தியது தம் மக்கள்மேல் வைத்த அன்பும், அவ்வன்பிற் பிறந்த அச்சமுமே. நம்பாமலிருந்து அது மெய்யாய் முடிந்தால் குழந்தை போய்விடும். நம்பி அது பொய்யாய் முடிந்தால் ஓர் அயலார்க்குத் துன்பம், அவ்வளவே என அச்சம் கணக்கிடும். அக்கணக்கில் அயலாரின் உயிர்க்கு எடை இல்லை. நமக்கு இனியதை நம்புவது போலவே, நாம் அஞ்சுவதையும் எளிதில் நம்புகின்றோம். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனத்தார் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐவர்க்கு அல்லது ஐந்து குழுவிற்கு மேல் அனுப்ப இயலாதவாறு எல்லை வகுத்தனர். செய்தியின் விரைவை நிறுவனம் குறைக்கலாம்; விபக்கத்தை வினவும் கடமையை நமக்காகப் பிறர் செய்தல் இயலாது.

மறைவும் நிலைபேறும்

திக்நாகரை எதிர்த்தோர் பலர். நியாய நூலார் உத்தியோதகரர், அவர் கொள்கைகளை மறுக்கவே பெருநூல் இயற்றினார். மீமாஞ்சகர் குமாரிலரும் அவ்வாறே. எல்லாவற்றையும் தானே சோதித்து நம்ப ஒருவராலும் இயலாது என்பது எண்ணற்பாலதொரு தடை. குழந்தை தாய்மொழியைக் கற்பதும் தாயின் சொல்லை நம்பியன்றோ! திக்நாகர் எவரையும் நம்பற்க என்று கூறினாரல்லர். யாரை, எதனால், எவ்வளவு நம்புகின்றோம் என்பதை அறிந்து நம்புக என்பதே அவர் கருத்து. அவ்வாதங்கள் பல நூற்றாண்டுகள் நிகழ்ந்தமையால் இரு சாராரின் தருக்கமும் கூர்மையுற்றது. அவர் நூலுக்குத் தருமகீர்த்தி செய்த விரிவுரையே பின்னாளில் பௌத்தத் தருக்கத்திற்கு முதல் நூலாயிற்று.

தமிழர்க்கும் இந்நெறி புதிதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சிமாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் உபதேசம் முழுவதும் இத்தருக்கமே. காண்டல், கருத்து என்னும் இரு அளவைகளும், பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புக்களும், பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்னும் பகுப்பும் அங்குத் தமிழ்ச் செய்யுளாக அமைந்துள்ளன. திக்நாகர் வழிவந்த சங்கரசுவாமியின் நியாயப் பிரவேசத்தோடு அப்பகுதி பெரிதும் ஒத்திருத்தலைக் கண்ட அறிஞர், முந்தியது எதுவென நெடிது வாதிட்டனர். உ.வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தமை அவ்வாதத்திற்குத் துணையாயிற்று. ஆபுத்திரன் கதையை விரும்பிப் படிக்கும் மாணவர் இக்காதையைக் கடினமென்று விலக்கிவிடுகின்றனர். இனியேனும் பொறுமையோடு படிப்பாராக.

பௌத்தம் இந்நாட்டிற் குன்றியபோது, பிரமாண சமுச்சயத்தின் வடமொழி மூலமும் மறைந்தது. திபெத்திய மொழிபெயர்ப்பே அதனைக் காத்தது. அவருடைய நியாயமுகம் என்னும் நூலை யுவான் சுவாங் சீனமொழியிற் பெயர்த்து வைத்தார். பின்னர் ஜினேந்திரபுத்தி என்பார் செய்த உரையின் வடமொழி ஏடு திபெத்தில் இருப்பது அறியப்பட்டு, அதன் முதல் இயல் 2005இல் அச்சேறியது. அவ்வுரையினின்று மூலச் சொற்களை அறிஞர் மீட்டு வருகின்றனர். யுவான் சுவாங் 640ஆம் ஆண்டளவில் காஞ்சிக்கு வந்தபோது அந்நாட்டிற் கண்ட விகாரங்களுள் இன்று ஒன்றும் இல்லை. 1915இல் தி.அ. கோபிநாத ராவ் அந்நகரிற் கண்டறிந்து வெளியிட்ட புத்தர் உருவங்கள் பண்டை நிலைக்குச் சான்றாய் உள்ளன.

முடிவுரை

காஞ்சியில் திக்நாகர்க்குச் சிலையோ தெருவின் பெயரோ வேண்டும் என நாம் விழைய வேண்டுவதில்லை. அவர் விரும்பத்தக்க நினைவுச்சின்னம் வேறு. மாணவ நண்பர்களே, நும் கையிலுள்ள கருவியில் நாளை ஒரு செய்தி வரும். அது நும் சமயத்தையோ, சாதியையோ, ஊரையோ புகழ்வதாக இருக்கலாம். அயலாரைப் பழிப்பதாக இருக்கலாம். நும் அச்சத்தைத் தட்டி எழுப்புவதாகவும் இருக்கலாம். அதனைப் பிறர்க்கு அனுப்புமுன், கண் கண்டது எவ்வளவு, மனம் சேர்த்தது எவ்வளவு எனப் பிரித்துக் காண்மின். கூறியவர் யார் என வினவுமின். இறுதியாக, இஃது எங்கே பொருந்தாமற் போகும் என ஒருமுறை தேடிப் பார்மின். விளக்கை நாற்புறமும் ஏற்றிவைத்துத் தம்மையே உற்றுநோக்கிய அக்காஞ்சி இளைஞர்க்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் அதுவேயாம்.